உப்பை இழக்கும் உடல்



உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சமையலைக் குறித்து எழுந்த இம்மொழி நம் உடம்புக்கும் பொருந்தும் என்பதை மருத்துவ உலகம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. இரத்தத்திலே உப்புக் குறைந்துபோவதால் மனிதன் மெல்ல மெல்ல வாடி வீழ்கின்ற ஒரு நோய் உண்டு. அதற்கு அடிசன் நோய் என்று பெயர். அந்நோயின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இது அரிய நோய். உங்களுள் பலர் வாழ்நாள் முழுவதும் இந்நோயுடைய ஒருவரைக்கூடக் காணாமல் இருக்கலாம். அவ்வாறாயின் இதனை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்கு விடையாக என் சொந்த அனுபவம் ஒன்றை முதலில் கூறிவிடுகிறேன்.

நான் மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு மாணவனாக இருந்தபோது, ஓர் இளைஞனைப் பரிசோதித்துக் குறிப்பெழுதும் வேலை எனக்கு அளிக்கப்பட்டது. அவனுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும், தையற்காரன். உடம்பு முழுவதும் அசதி, பசியின்மை, எழுந்து நின்றால் கண் இருட்டுதல், ஆறு மாதமாக உடல் இளைத்து வருதல் - இவையே அவன் சொன்ன குறைகள். அதற்கு முன் இரண்டு இடங்களில் காட்டியிருந்தான். ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடு என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வேலை செய்த கடையில் சோம்பேறி என்று பெயர் வாங்கி, வேலையையும் இழந்திருந்தான். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நானும் என் பங்குக்கு அவனைத் தட்டிப் பார்த்தேன்; மார்பில் குழலை வைத்துக் கேட்டேன்; இரத்த அழுத்தம் சற்றுக் குறைவு என்று கண்டேன். பொதுவான பலவீனம் என்று எழுதி முடித்தேன்.

எங்கள் ஆசிரியர் வந்தார். என் குறிப்பைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் நோயாளியின் அருகில் அமர்ந்து, "தம்பி, உள்ளங்கையை விரித்துக் காட்டு" என்றார். கைரேகைகள் மையால் வரைந்தவை போலக் கறுத்திருந்தன. வாயைத் திறக்கச் சொன்னார். ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கருநீலத் திட்டுகள் இருந்தன. பிறகு அருகில் நின்ற தாயைப் பார்த்து, "அம்மா, பிள்ளை முன்னைவிடக் கறுத்துவிட்டானா?" என்று கேட்டார்.

"ஆமாம் ஐயா. வெயிலில் போகிற பிள்ளையும் இல்லை. ஏன் இப்படிக் கறுத்துப்போனான் என்றுதான் நாங்களும் பேசிக்கொள்கிறோம்" என்றாள் அந்த அம்மாள்.

"சாப்பாட்டில் உப்பு எப்படி?"

அவள் வெட்கத்துடன் தயங்கினாள். "சொல்லவே கூச்சமாக இருக்கிறது ஐயா. ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. கஞ்சியில் கல்லுப்பைக் கைகொண்டமட்டும் அள்ளிப் போடுகிறான்."

ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "இவர்கள் எல்லாவற்றையும் சொல்லத் தயாராகவே இருந்தார்கள். நீதான் கேட்கவில்லை" என்றார். மறுநாள் இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. ஒரு லிட்டரில் 135 முதல் 145 அலகு வரை இருக்கவேண்டிய சோடியம் 118 அலகே இருந்தது. அன்று நான் அடைந்த வெட்கமே இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டிற்று.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலைமீதும் குல்லாய் வைத்தாற்போல ஒவ்வொரு சிறு சுரப்பி அமர்ந்திருக்கிறது. அதனை அட்ரீனல் சுரப்பி என்கிறோம். ஒவ்வொன்றும் சுமார் ஐந்து கிராம் எடைதான். இத்தாலிய நாட்டு உடற்கூற்று அறிஞர் யூஸ்டேகியஸ் பதினாறாம் நூற்றாண்டிலேயே இதனைக் கண்டு விவரித்தார். ஆனால் இது எதற்காக இருக்கிறது என்பது அவருக்கும் தெரியவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் தெரியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டின் போர்தோ நகரத்து அறிஞர் கழகம், இச்சுரப்பியின் பயன் யாது என்பதற்குச் சிறந்த விடை எழுதுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தது. வந்த கட்டுரைகளைப் பற்றி 1718-ஆம் ஆண்டில் தீர்ப்புரைத்தவர், அரசியல் நூலாசிரியராக நீங்கள் அறிந்திருக்கும் மாண்டெஸ்கியு. எந்தக் கட்டுரையும் பரிசுக்கு உரியதன்று என்பது அவர் முடிவு. இத்தனை முயற்சிகளாலும் கைகூடாததை ஒருநாள் தற்செயல் நிகழ்ச்சி ஒன்று வெளிப்படுத்தினாலும் வெளிப்படுத்தலாம் என்ற கருத்தையும் அவர் அப்போது தெரிவித்தார்.

அந்தத் தற்செயல் நிகழ நூற்று முப்பது ஆண்டுகள் சென்றன. நிகழ்ந்த இடம் லண்டன் மாநகரின் கைஸ் மருத்துவமனை. தாமஸ் அடிசன் என்பவர் அங்கே மருத்துவராக இருந்தார். இங்கிலாந்தின் வடபகுதியில் நியூகாசில் நகருக்கு அருகே பிறந்தவர். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் 1815-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர். கூச்ச சுபாவம் உடையவர். எளிதில் எவரிடமும் நெருங்கிப் பழகமாட்டார். ஆயினும் நோயாளியின் படுக்கையருகே அவரைப்போல் பொறுமையாக நின்று பார்த்தவர்கள் சிலரே. நோயாளி இறந்துவிட்டால், உடலை அறுத்துப் பார்த்து, உயிரோடு இருக்கையில் கண்ட குறிகளையும் இறந்தபின் உறுப்புகளில் கண்ட மாறுதல்களையும் ஒப்பிட்டு நோக்குவது அவர் வழக்கம்.

காரணம் விளங்காத ஒருவகை இரத்தச் சோகையை அடிசன் அக்காலத்தில் ஆராய்ந்து வந்தார். அதற்குரிய காரணத்தைத் தேடிச் சென்றபோது, இறந்தவர் சிலருடைய அட்ரீனல் சுரப்பிகள் கெட்டுப்போயிருப்பதைக் கண்டார். தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. 1849-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தென்லண்டன் மருத்துவர் சங்கத்தின் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தார். அப்போது அதனைப் பெரிதாகக் கருதியவர் அதிகமில்லை. அடிசன் மேலும் ஆறு ஆண்டுகள் காத்திருந்து, நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, 1855-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பதினொரு நோயாளிகளின் வரலாறு வண்ணப் படங்களுடன் அதில் இடம்பெற்றது.

அந்நூலில் அவர் தொகுத்த நோய்க்குறிகளைக் கேளுங்கள்: உடம்பில் சோர்வும் தளர்ச்சியும், இதயத் துடிப்பில் வியக்கத்தக்க வலிவின்மை, வயிற்றில் குமட்டலும் வாந்தியும், இவற்றோடு தோலின் நிறத்தில் தனித்தன்மையுள்ள ஒரு மாற்றம். நோய் எப்போது தொடங்கிற்று என்று நோயாளியால் சொல்ல முடியாது. அவ்வளவு மெதுவாக அது வருகிறது. இன்று இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பின்னரும் இப்பட்டியலில் நாம் நீக்க வேண்டியது ஒன்றுமில்லை. சேர்க்க வேண்டியவை சிலவே. நிற்கும்போது இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றுதல், உடல் இளைத்தல், உப்பின்மீது அடங்காத விருப்பம், நோய் முற்றியபோது மனக்குழப்பமும் மயக்கமும் ஆகியவை அவை. சுரப்பி என்ன வேலை செய்கிறது என்பதையே அறியாத காலத்தில், கண்ணையும் காதையும் மட்டும் துணைக்கொண்டு அவர் இவ்வளவையும் எழுதினார்.

அடிசன் கண்ட நோயாளிகளுள் பலருடைய சுரப்பிகளை அழித்திருந்தது காசநோய். நுரையீரலில் தொடங்கும் அந்நோய் இரத்தத்தின் வழியே சென்று இச்சுரப்பிகளிலும் குடியேறிவிடும். மேலைநாடுகளில் காசநோய் குறைந்துவிட்ட இக்காலத்தில், அங்கே இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது வேறொன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய்த் தன் சுரப்பியைத் தானே அழித்துவிடுகிறது. நம் நாட்டிலோ காசநோயும் இன்னும் முக்கியமான காரணமாகவே இருந்து வருகிறது.

நிறமாற்றத்தைக் குறித்தும் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வெண்ணிறத் தோலுடைய ஆங்கிலேயரிடம் அடிசன் கண்ட கருமை எவர் கண்ணுக்கும் எளிதில் தென்படும். நம்மவரிடம் அது அவ்வளவு எளிதில் புலப்படாது. கைரேகை, விரல் மூட்டு, பழைய தழும்பு, ஈறு ஆகிய இடங்களில் தேடிப் பார்க்கவேண்டும். இதனைத்தான் எங்கள் ஆசிரியர் செய்தார். வீட்டாரைக் கேட்பது இன்னும் நல்ல வழி. பிள்ளையின் நிறம் மாறியதைத் தாயைவிட முன்னதாக யார் அறிவார்?

அடிசன் கூறியதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பாரிசு நகரில் பிரௌன் சேக்கார் என்ற அறிஞர் 1856-ஆம் ஆண்டில் விலங்குகளின் அட்ரீனல் சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். அவை விரைவில் இறந்தன. ஆகவே இச்சுரப்பி உயிருக்கு இன்றியமையாதது என்று அவர் சொன்னார். வேறு சிலரோ, சுரப்பியை இழந்த வெள்ளெலிகள் சில பிழைத்திருப்பதைக் காட்டி அதனை மறுத்தனர். அறிவியலில் இத்தகைய வாதங்கள் இயல்பே. எனினும் பாரிசு நகரத்துப் பெரும் மருத்துவரான டிரூசோ இப்புதிய நோய்க்கு அடிசன் நோய் என்றே பெயர் சூட்டினார், அப்பெயர் நிலைத்துவிட்டது. அடிசன் மன நோயால் வருந்தி, 1860-ஆம் ஆண்டில் மருத்துவமனைப் பணியிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பிரைட்டன் நகரில் காலமானார். தாம் கண்ட குறிகளுக்குக் காரணம் என்ன என்பதை அறிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

காரணத்தைத் தேடிச் சென்றவர்களுக்கு முதலில் கிடைத்ததும் வேறொரு பொருளே. அட்ரீனல் சுரப்பிக்குத் தேங்காய்க்கு ஓடும் பருப்பும் போல, வெளிப்பகுதி என்றும் உட்பகுதி என்றும் இரண்டு பகுதிகள் உண்டு. 1894-ஆம் ஆண்டில் ஆலிவர், ஷேபர் என்ற இரு ஆங்கிலேயர், இச்சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை விரைவாக உயர்த்துவதைக் கண்டனர். 1901-ஆம் ஆண்டில் ஜப்பானியரான தக்காமினே, சாற்றிலிருந்து அட்ரினலின் என்ற ஹார்மோனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். இனி அடிசன் நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் அட்ரினலினைக் கொடுத்தும் நோயாளிகள் பிழைக்கவில்லை. ஏனெனில் அது உட்பகுதியின் ஹார்மோன். உயிரைத் தாங்கி நிற்பது வெளிப்பகுதி என்பது பின்னரே தெளிவாயிற்று.

உப்பின் செய்தி அதன்பிறகுதான் வெளிப்பட்டது. 1927-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், அட்ரீனல் அகற்றப்பட்ட பூனைகளின் இரத்தத்தில் சோடியம் குறைவதைக் கண்டனர்; சோடியம் கலந்த நீரை உடலில் செலுத்தினால் அவை கூடுதலான நாட்கள் உயிர் வாழ்வதையும் கண்டனர். நியூயார்க்கு நகரத்து மருத்துவர் இராபர்ட் லோப் 1932-ஆம் ஆண்டில் இதே குறையை மனிதரிடம் எடுத்துக் காட்டினார். அடிசன் நோயாளிகளின் இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. நிறைய உப்புக் கொடுத்தபோது அவர்களுடைய நிலை தேறிற்று. அடிசன் கண்ட தளர்ச்சிக்கும் இதய மெலிவுக்கும் பொருள் அப்போது விளங்கத் தொடங்கிற்று. அவர் நூல் வெளிவந்து எழுபத்தேழு ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டன.

இதன் இயக்கத்தைச் சுருங்கச் சொல்கிறேன். நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதிலே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்புக் கரைந்திருக்கிறது. அவ்வளவும் வெளியேறிவிட்டால் நாம் ஒரு நாள்கூட உயிர்வாழ முடியாது. ஆகவே சிறுநீரகம் ஏறத்தாழ முழுவதையும் இரத்தத்திற்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. இந்த மீட்பு வேலையின் கடைசிப் பங்கைக் கட்டளையிட்டு நடத்துவது அட்ரீனலின் வெளிப்பகுதியில் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். அது இல்லாவிட்டால், மடை சரியாக அடைபடாத வயலிலிருந்து நீர் கசிந்தோடுவது போல உப்புச் சிறுநீரில் ஓடிவிடும். அதனோடு நீரும் போகும், இரத்தத்தின் அளவு சுருங்கும், அழுத்தம் குறையும், எழுந்து நிற்பவனுக்குக் கண் இருட்டும். வெளிப்பகுதியின் மற்றொரு ஹார்மோனாகிய கார்ட்டிசாலும் குறைந்துபோவதால், உடம்பு குடித்த நீரைச் சரியாக வெளியேற்றமாட்டாமல் தேக்கிக்கொள்கிறது. ஆகவே எஞ்சிய சோடியமும் நீர்த்துப்போகிறது. சோடியம் மிகவும் குறைந்தால் மூளை பாதிக்கப்படும். குழப்பமும் வலிப்பும் நினைவிழத்தலும் அதன் விளைவுகள்.

தோல் கறுப்பதற்கும் காரணம் உண்டு. அட்ரீனலை வேலை செய்யத் தூண்டுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. அட்ரீனல் பதில் தராதபோது, பிட்யூட்டரி தன் தூண்டுநீரை மேலும் மேலும் சுரக்கிறது. அந்நீர் தோலின் நிற அணுக்களையும் தூண்டிவிடுகிறது.

நண்பர்களே, இந்த வரலாற்றில் என் மனத்தைவிட்டு அகலாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. கர்ட் ரிக்டர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், அட்ரீனல் அகற்றப்பட்ட எலிகளின் முன்னே வெறும் நீரையும் உப்பு நீரையும் வைத்தார். அவை உப்பு நீரையே தேடிக் குடித்து உயிர் பிழைத்தன. இதனை அவர் வெளியிட்டது 1936-ஆம் ஆண்டில். நான்கு ஆண்டுகளுக்குப் பின், வில்கின்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவரும் சேர்ந்து ஒரு சிறுவனின் வரலாற்றை வெளியிட்டனர். அவனுக்கு வயது மூன்றரை. பிஸ்கோத்தின் மேலுள்ள உப்பை நக்கிவிட்டு, மேலும் வேண்டும் என்று கேட்பான். உப்பை அப்படியே அள்ளித் தின்பான். அவன் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட சொற்களுள் உப்பு என்பதும் ஒன்று. வேறொரு குறைக்காக அவனைப் பால்டிமோர் நகரத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கும் உணவையே அவனுக்கும் கொடுத்தார்கள். விரும்பிய உப்பு அங்கே அவனுக்குக் கிடைக்கவில்லை. ஏழு நாட்களில் அவன் இறந்துபோனான். பிரேத பரிசோதனையில் அவன் அட்ரீனலின் வெளிப்பகுதி பழுதுபட்டிருந்தது தெரிந்தது. அதன் பின்னர்ப் பெற்றோர் எழுதித் தெரிவித்த விவரங்களிலிருந்துதான் அவனுடைய உப்பு ஆசை எவ்வளவு பெரியது என்பது மருத்துவர்களுக்குத் தெரியவந்தது.

அவர்கள் கொடியவர்கள் அல்லர். கற்றவர்கள், அக்கறை உடையவர்கள். தம் தவற்றை மறைக்காமல், பிறர் அறியும்படி தாமே எழுதி வெளியிட்டவர்கள். ஆயினும் அச்சிறுவன் தன் நோயையும் அதற்குரிய மருந்தையும் தானே அறிந்து, வாய்திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். அதனைக் குழந்தையின் பிடிவாதம் என்று எவரும் எண்ணியிருக்கக்கூடும். ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைத்த அந்தத் தாயும் அவ்வாறே எண்ணினாள். நானோ அதைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு மருந்துகள் வந்தன. 1930-ஆம் ஆண்டிலேயே வெளிப்பகுதியின் சாறு ஓரளவு பயன் தந்தது. கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவரும் வெளிப்பகுதி ஹார்மோன்களை ஆராய்ந்ததற்காக 1950-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனை 1953-ஆம் ஆண்டில் லண்டனில் ஆராய்ச்சி செய்த சிம்சன் அம்மையாரும் டெயிட்டும், சுவிட்சர்லாந்து நாட்டு ரைக்ஸ்டைன் குழுவினரோடு சேர்ந்து பிரித்தெடுத்தனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் கென்னடிக்கு 1947-ஆம் ஆண்டில் லண்டன் சென்றிருந்தபோது இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. ஹார்மோன் மருந்துகளின் துணையோடு வாழ்ந்தே அவர் அப்பெரும் பதவியை வகித்தார். ஒரு காலத்தில் மரணம் நிச்சயம் என்றிருந்த நோயில், இன்று நாள்தோறும் மாத்திரைகளை உட்கொண்டு மக்கள் நெடுநாள் வாழ்கிறார்கள். மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. காய்ச்சலோ காயமோ வந்தால் மருத்துவர் சொற்படி அளவைக் கூட்டவேண்டும். இவற்றை அவர்கள் வாழ்நாள் முழுவதும் மறவாதிருத்தல் வேண்டும்.

எங்கள் தையற்காரனுக்கும் காசநோயே சுரப்பிகளை அழித்திருந்தது. அதற்கும் மருந்து கொடுத்தோம். ஹார்மோன் மாத்திரைகளும் கொடுத்தோம். மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். நான்கு மாதங்களுக்குப் பின் தன் தாயோடு எங்கள் ஆசிரியரைக் காண வந்தான். வேறொரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "இப்போது ஊறுகாய் ஜாடி அலமாரியிலேயே இருக்கிறது ஐயா, அதன் பக்கம்கூடப் போவதில்லை" என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்தாள்.

இதைக் கேட்டுவிட்டு, களைப்பெல்லாம் அடிசன் நோய் என்று அஞ்சிவிடாதீர்கள். உப்பை மிகுதியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது என்றும் எண்ணிவிடாதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அதிக உப்புத் தீங்கே செய்யும். நான் வேண்டுவது வேறு. உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ நேற்றுவரை ஓடியாடித் திரிந்த ஒருவன் நாளுக்கு நாள் சோர்ந்து, இளைத்து, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் இருந்தால், அவனுக்குச் சோம்பேறி என்று பெயர் வைப்பதற்கு முன், உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள். கேட்டபின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.